ஓசையின்றி விடைபெற்ற டார்வின்

பெங்களூரு: நாட்டில் பரிணாம ஆய்வுக்கு ஒரு தலைநகர் உண்டென்றால் அது பெங்களூருதான். இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாகக் குளவிகளின் சமூக வாழ்வை ஆராய்ந்தார். ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, பரிணாமம் நிகழும் விதத்தைக் கண்ணெதிரே கண்டனர். பள்ளிப் பாடநூல்களில் டார்வினுக்கு நேர்ந்தது இந்நகர விஞ்ஞானிகளை உறுத்தியதில் வியப்பில்லை.

முதல் மோதல் 2018 ஜனவரியில். குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் கண்டதாகக் கூறவில்லை; எனவே டார்வின் கோட்பாடு தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங். சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி உள்பட மூன்று தேசிய அகாதெமிகள் கூட்டாக மறுத்தன. அமைச்சரின் கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, பரிணாமப் பாடத்தை நீக்குவது பிற்போக்கானது என்றன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகரும் இத்தகைய பேச்சைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினார். விவகாரம் அடங்கியது, அல்லது அடங்கியதாகத் தோன்றியது.

கரோனா காலப் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் என்.சி.இ.ஆர்.டி. பாடங்களைக் கத்தரித்தபோது, 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலின் 'மரபும் பரிணாமமும்' வெறும் 'மரபு' ஆயிற்று. 2023-இல் அச்சான நூலிலும் அப்பகுதி இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் 1,800-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டனர். 12-ஆம் வகுப்பில் டார்வின் இருக்கிறாரே என்பது அரசுத் தரப்பு பதில். உண்மைதான். ஆனால் அது உயிரியல் எடுப்போருக்கு மட்டுமே. வணிகவியலும் வரலாறும் பயிலச் செல்வோர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவோர் ஆகியோருக்கு அது எட்டாது.

அமெரிக்காவில் படைப்புவாதத்தைப் பரிணாமத்துக்கு இணையாகக் கற்பிக்கக் கட்டாயப்படுத்திய லூசியானா மாநிலச் சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே எதிராளி வெளிப்படையாக நின்றார். இங்கே மாற்றுப் பாடம் எதுவும் வைக்கப்படவில்லை. 'சுமை' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. சுமையோடு யார் வாதிடுவது?

தமிழகத்தில் 2019-இல் வெளியான மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனி அலகாகவே இடம்பெற்றது. ஒரே தெருவில் வசித்தாலும், சி.பி.எஸ்.இ. மாணவருக்கு அது வாய்க்கவில்லை.

நீக்கப்பட்ட பக்கங்கள் அப்படியொன்றும் கடினமானவை அல்ல. பச்சைப் புதரில் வாழும் சிவப்பு வண்டுகளைக் காகங்கள் கொத்தித் தின்கின்றன. தற்செயலாகத் தோன்றிய பச்சை வண்டு கண்ணில் படாமல் பெருகுகிறது. காட்டு முட்டைக்கோஸிலிருந்து காலிஃபிளவரையும் நூல்கோலையும் உழவர்கள் உருவாக்கிய கதையும் உண்டு. இறுதியில், மனிதர் அனைவரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தவர், தோல் நிறத்தைக் கொண்டு மனிதரை இனங்களாகப் பிரிக்க உயிரியல் அடிப்படை ஏதும் இல்லை என்று ஒரு பத்தி இருந்தது. வண்டுகளோடு அதுவும் போயிற்று.