வாசற்கதவில் ஒரு வளையம்



டிசம்பர் மாதம் பிறந்ததும் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியில் காகித நட்சத்திரங்கள் வரிசையாகத் தொங்கத் தொடங்கும். அவற்றின் அருகே பச்சை நிறச் செயற்கை இலைகளால் ஆன வட்ட வளையங்களும் விற்பனைக்கு வருகின்றன. மேல்நாட்டார் கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டுக் கதவில் தொங்கவிடுவது அது. பிள்ளைகள் கண்டதும் கேட்பார்கள். பெற்றோருக்கோ இரண்டு தயக்கங்கள்: ஒன்று விலை, மற்றொன்று பெயர். தமிழில் அதனை மலர்வளையம் என்கிறோம். மலையாளத்தில் ரீத்து என்பார்கள். இரண்டு சொற்களும் சவப்பெட்டியின்மேல் வைக்கும் பொருளையே நினைப்பூட்டுகின்றன. அதனை வாசலில் மாட்டினால், “இந்த வீட்டில் யார் மரித்தார்?” என்று அயலார் கேட்பார்களோ என அஞ்சுவது இயல்பே.

வேதத்தில் வளையம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் ‘ஸ்தெபானொஸ்’ என்றொரு சொல் உண்டு. நம் தமிழ் வேதாகமத்தில் ‘கிரீடம்’ என்று வாசிக்கும் இடங்கள் பலவற்றில் இச்சொல்லே இருக்கிறது. தழைகளால் பின்னி, வெற்றி பெற்றவன் தலையில் சூட்டும் வளையத்தையும் அது குறிக்கும். கொரிந்துவின் அருகே நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளில் வென்றவனுக்குக் கிடைத்தது பொன் அல்ல; சில நாளில் வாடிப்போகும் தழை வளையமே. இதை அறிந்தவர்களுக்குத்தான் பவுல் அப்போஸ்தலன் அழிவுள்ள கிரீடத்தையும் அழிவில்லாத கிரீடத்தையும் குறித்து எழுதினார் (1 கொரி. 9:25). நம் ஆண்டவருடைய சிரசில் வைக்கப்பட்ட முள்முடிக்கும் அதே சொல். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் பெயரும் அதே சொல்லே! ஆகவே வளையம் மரணத்திற்கு மட்டுமே உரியது என்று எண்ணவேண்டியதில்லை. அது ஜெயத்தின் அடையாளமுமாகும்.

ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த வளையம்

ஜெர்மனி தேசத்தின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்னும் ஊழியர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1833-ல் ஓர் இல்லத்தை நிறுவினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அவர்கள் ஓயாமல் கேட்டதால், 1839-ல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் அதில் பொருத்தினார். நாளுக்கொன்றாக அவை ஏற்றப்பட்டன. பசுந்தழை சுற்றும் வழக்கம் பின்னரே சேர்ந்தது. வருகைக்கால வளையத்தின் வரலாறு இதுவே. கடையில் வாங்கிய அலங்காரமாக அல்ல, கையிலிருந்த பழம்பொருளாகவே அது பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

செய்யும் விதம்

பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வெளிவட்டமும், சிறு தட்டினால் உள்வட்டமும் வரைந்து, ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு வளையங்களை வெட்டுங்கள். அட்டையின் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி மைதாப் பசையால் ஒட்டி, கனமான பொருளின் கீழ் ஓர் இரவு வையுங்கள், வளையாமல் உறுதியாயிருக்கும்.

பின்பு மெல்லிய தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஏறக்குறைய பத்து மீட்டர் தேவைப்படும். பிள்ளை அட்டையைப் பிடிக்க, தகப்பன் கயிற்றை இழுத்துச் சுற்றட்டும். இதன்மேல் சவுக்குக் காய்களையும், கேரளத்துப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிவந்த மஞ்சாடி விதைகளையும் பசையால் ஒட்டலாம். கீழே பழைய சிவப்புத் துணியால் ஒரு முடிச்சு இடுங்கள். குருத்தோலை ஞாயிறன்று நாம் பிடிக்கும் குருத்தோலையைக் கீறி, நட்சத்திரமாக மடித்து நடுவில் கட்டுங்கள். வெள்ளைப் பூக்களைத் தவிர்த்தால், அயலார் இதனை இறுதிச்சடங்கின் வளையமாக எண்ணமாட்டார்கள்.

மூன்று எச்சரிப்புகள்: கறுப்பும் சிவப்புமான குன்றிமணியைச் சேர்க்கவேண்டாம், அதை மென்று விழுங்கினால் கொடிய நஞ்சு. மஞ்சாடியையும் கைக்குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள், தொண்டையில் அடைக்கும். அட்டையும் நாரும் எளிதில் தீப்பற்றும். ஆகையால் இவ்வளையத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம். தெர்மோகோலும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களைக் கேரள அரசு 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தபோது, தெர்மோகோல் அலங்காரங்களும் அதில் அடங்கின.

மனச்சாட்சியின் காரியம்

நம் சபைகளில் கிறிஸ்துமஸ் நாளை ஆசரிக்காதவர்களும் உண்டு. நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவனையும் கொள்ளாதவனையும் குறித்து ரோமர் 14-ம் அதிகாரம் போதுமான ஆலோசனை தருகிறது. வளையம் செய்கிறவர்கள் செய்யாதவர்களை அற்பமாக எண்ணவேண்டாம். செய்யாதவர்கள் செய்கிறவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கவும் வேண்டாம்.

ஆனால் பெற்றோரே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டில் குடியிருக்கும் நாம், வேலை முடிந்து இரவில் வீடு சேருகிறோம். பிள்ளைகள் நம் முகத்தைக் காணும் நேரம் குறைவு. கடன்வாங்கிச் செய்யும் அலங்காரம் ஜனவரியில் பாரமாகும். அந்தப் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை மாலை தரையில் உட்கார்ந்து கயிறு சுற்றுவதற்கோ செலவு மிகக் குறைவு. அந்த மாலையை அவர்கள் நெடுநாள் மறவார்கள்.

குருத்தோலை சில நாளில் பழுத்து வாடும். வாரந்தோறும் அதை மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் 1 பேதுரு 5:4-ஐப் பிள்ளைகள் வாசிக்கட்டும். வாடுவதைக் கையில் பிடித்துக்கொண்டே வாடாததைக் குறித்துப் பேச அதைவிட ஏற்ற வேளை உண்டோ?

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!