லாரி நிற்கும்போது வேலை நடக்கிறதா?

முதலாண்டு மாணவர்களுக்கு வேலை, ஆற்றல், திறன் என்னும் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஒருவன் நாள் முழுதும் சுவரைத் தள்ளுகிறான். சுவர் நகரவில்லை. அவன் வேலையே செய்யவில்லை என்கிறீர்களே, இது நியாயமா, சார்?" நானும் வழக்கமான விடையைச் சொல்வேன். இயற்பியலில் வேலை என்பது, விசையையும் அவ்விசையின் திசையில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. இடப்பெயர்ச்சி சுழி என்றால் வேலையும் சுழி. அவன் களைத்துப் போவது உண்மைதான். ஆனாலும் சுவரின்மீது அவன் செய்த வேலை சுழியே.

மாணவன் அரைமனதோடு உட்கார்ந்துவிடுவான். அவன் கேட்டதில் இயற்பியலோடு கூலிக் கணக்கும் கலந்திருக்கிறது. நகர்ந்த தூரத்தை மட்டும் வைத்து ஒரு மனிதனின் உழைப்பை அளந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் லாரி ஓட்டுநர்கள் பல ஆண்டுகளாக இந்த அளவுகோலின் கீழ் வாழ்ந்து வருகிறார்கள். அவர்களுடைய அனுபவம் நமக்கு ஒரு நல்ல பாடம்.

மைலுக்கு இவ்வளவு

அங்கே நெடுந்தூரச் சரக்கு லாரி ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு ஊதியம் மைல் கணக்கில்தான். சக்கரம் சுழன்றால் கூலி உண்டு. கிடங்கின் வாசலில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ வரிசையில் நிற்கும்போது கூலி இல்லை. சில நிறுவனங்கள் முதல் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஏதோ ஒரு தொகை கொடுப்பதுண்டு. அங்கு 1938ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்கிறது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கனரக லாரி ஓட்டுநர்களுக்கு இந்த மிகுதிநேரக் கூலி விதி பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கும் அளித்திருக்கிறது. ஆக, நம் பாடநூல் வரையறை அங்கே சம்பளப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது. இடப்பெயர்ச்சி இல்லையேல் வேலை இல்லை!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்நாட்டு விதிப்படி ஓர் ஓட்டுநர் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், 11 மணி நேரம் வரை வண்டி ஓட்டலாம். அதற்குப்பின் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்தாக வேண்டும். ஏற்றுதல், இறக்குதல், உணவு ஆகியவற்றுக்கு 3 மணி நேரம் போயிற்று என்று கொள்வோம். மீதி 11 மணி நேரம். சராசரியாக மணிக்கு 50 மைல் வேகத்தில் 550 மைல் ஓடலாம். கணக்குக்காக மைலுக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 275 டாலர் கிடைக்கும். கிடங்கில் இன்னும் 2 மணி நேரம் தாமதமாகிறது. இப்போது ஓட்டுவதற்கு 9 மணி நேரமே உண்டு. அதே வேகத்தில் 450 மைல், 225 டாலர். தாமதம் கிடங்குக்காரருடையது, இழந்த 50 டாலர் ஓட்டுநருடையது.

அந்த இழப்பை ஈடுகட்ட அவர் என்ன செய்வார்? வேகத்தைக் கூட்டத்தான் மனம் தூண்டும். 9 மணி நேரத்தில் 550 மைல் ஓட வேண்டுமானால் சராசரி வேகம் மணிக்கு 61 மைலுக்கு உயர வேண்டும். பார்வைக்கு இது சிறிய வேறுபாடுதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மறந்துவிடக்கூடாது. வேகம் 1.22 மடங்கானால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.5 மடங்காகிறது. பிரேக்கை மிதித்தபின் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரமும் அதே விகிதத்தில் நீள்கிறது. முழுச் சுமையோடு 36 டன் வரை எடையுள்ள ஒரு லாரிக்கு முன்னால் செல்லும் கார்க்காரரும் இந்தக் கூலிக் கணக்கில் தம்மை அறியாமல் பங்கு பெற்றுவிடுகிறார்.

இது வெறும் தாள் கணக்கு அன்று. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் கண்காணிக்கும் தணிக்கை அலுவலகம் 2018ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. கிடங்குகளில் லாரிகள் தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடும் என்று அது மதிப்பிட்டது. முழுச் சுமை லாரிகளை ஓட்டுபவர்கள் இத்தகைய தாமதத்தால் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழப்பதாகவும் அது கணக்கிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநரின் காத்திருப்பு கிடங்குக்காரருக்கு இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை. கூடுதலாக ஓர் ஏற்றுமேடை கட்டவோ, ஆட்களை அமர்த்தவோ அவருக்கு என்ன அவசரம்? எனவே நியாயக் குறைவு ஓட்டுநரோடு நிற்பதில்லை. நாட்டின் உற்பத்தித்திறனையும் அரிக்கிறது.

சங்கம் வந்ததும் தளர்ந்ததும்

காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று கேட்டவர்கள் தொழிற்சங்கத்தினர். 'டீம்ஸ்டர்ஸ்' என்பது அங்குள்ள ஓட்டுநர் சங்கத்தின் பெயர். குதிரைகள் பூட்டிய வண்டிகளை ஓட்டியவர்களைக் குறிக்கும் பழைய சொல் அது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் லாரித் தொழிலில் யார் நுழையலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. அந்த நிழலில் சங்கமும் வளர்ந்தது. 1964ஆம் ஆண்டில் ஜிம்மி ஹாஃபா தலைமையில் நாடு முழுமைக்குமான ஒரே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன்கீழ் வந்தனர். தாமத நேரத்துக்கு மணிக் கூலி, பணிமூப்பு, குறைகளை விசாரிக்க இரு தரப்பும் அமரும் குழு ஆகியவை இத்தகைய ஒப்பந்தங்களின் முக்கியக் கூறுகள். சங்கத்தின் கைகளும் எப்போதும் தூய்மையாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. அதே 1964ஆம் ஆண்டில்தான் ஹாஃபா, நடுவர்களைக் கலைக்க முயன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

1980ஆம் ஆண்டு அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆயிரக்கணக்கான புதிய நிறுவனங்கள் தோன்றின; போட்டி பெருகிற்று; சரக்குக் கட்டணம் இறங்கிற்று. பொருள் வாங்குவோருக்கு இது நன்மையே. ஆனால் சங்கத்தின் பிடி தளர்ந்தது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஓட்டுநரின் ஊதியமும் சரிந்தது. முன்னாளில் தாமே லாரி ஓட்டியவரான மைக்கேல் பெல்சர் என்னும் பொருளியல் பேராசிரியர், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். சங்கமற்ற நெடுந்தூர லாரிகளை, சக்கரத்தின் மேல் அமைந்த கசக்கிப் பிழியும் பட்டறைகள் என்றே அவர் வருணித்தார்.

மரத்தடி லாரிகளில் ஒரு சோதனை

"சங்கம் வந்தால் வேலை கெடும்" என்று சொல்வோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய ஒரு சோதனையின் முடிவு 1975ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கேரி லேதம், ஜேம்ஸ் பால்டஸ் ஆகிய இருவரும் ஒக்லஹோமா மாநிலத்தில் மரத்தடி ஏற்றும் 36 லாரிகளை ஆராய்ந்தனர். ஓட்டுநர்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். சட்டம் அனுமதித்த சுமையில் சுமார் 60 சதவிகிதம் மட்டுமே ஒவ்வொரு நடையிலும் ஏறிக்கொண்டிருந்தது.

சோம்பலா? இல்லை. மரங்கள் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு லாரியில் 60 தடிகளும் ஏறலாம், 120 தடிகளும் ஏறலாம். எடை எவ்வளவு என்பதைக் கண்ணால்தான் மதிக்க வேண்டும். சுமை மிஞ்சினால் நெடுஞ்சாலைத் துறையின் அபராதம் ஓட்டுநர் தலையில் விழும், வேலைக்கும் ஆபத்து. சுமை குறைந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. இந்த நிலையில் அறிவுள்ள எவரும் குறைவாகத்தான் ஏற்றுவார். "முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்" என்று நிர்வாகம் எத்தனை முறை சொன்னாலும் பயன் இருக்கவில்லை.

ஆய்வாளர்கள் ஒரு குறிப்பிட்ட இலக்கை வைத்தனர்: அனுமதித்த சுமையில் 94 சதவிகிதம். கூடவே உறுதிமொழிகளும் தந்தனர். கூடுதல் நடை ஓடச் சொல்ல மாட்டோம். சுமை ஒரு முறை உயர்ந்து பின் தாழ்ந்தாலும் தண்டிக்க மாட்டோம். பரிசுப் பணம் ஒன்றும் இல்லை. இலக்கை எட்டினால் பாராட்டு மட்டுமே.

முதல் மாதம் சுமை 80 சதவிகிதத்துக்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70 சதவிகிதத்துக்கு இறங்கியது! ஏன்? தண்டிக்க மாட்டோம் என்ற சொல் மெய்தானா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்களாம். ஆய்வாளர்கள் ஓட்டுநர்களைச் சோதிக்க, ஓட்டுநர்கள் நிர்வாகத்தைச் சோதித்தார்கள். நிர்வாகம் சொன்ன சொல்லைக் காத்தது. மூன்றாம் மாதம் சுமை 90 சதவிகிதத்தைத் தாண்டி அங்கேயே நிலைத்தது. ஓட்டுநர்கள் தாமே எடையைக் குறித்து வைத்துக்கொண்டனர். எடையை இன்னும் துல்லியமாக மதிக்க வண்டியில் என்னென்ன மாற்றம் செய்யலாம் என்று யோசனையும் கூறினர். ஒன்பது மாதங்களில் நிறுவனத்துக்கு மிச்சமான தொகை சுமார் இரண்டரை லட்சம் டாலர்.

இதன் பொருளை எளிய வகுத்தலால் உணரலாம். 100 முழுச் சுமை மரத்தை 60 சதவிகிதம் ஏற்றிக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 167 நடை வேண்டும். 94 சதவிகிதம் ஏற்றினால் 107 நடை போதும். 60 நடைக்கான டீசலும் டயர் தேய்மானமும் மிச்சம். இத்தனைக்கும் எஞ்சின் மாறவில்லை, சாலை மாறவில்லை, நம்பிக்கை ஒன்றுதான் புதிதாக வந்தது.

1982ஆம் ஆண்டில் லேதமும் லிஸ் சாரியும் இதே போன்ற மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். இம்முறை தொடங்குவதற்கு முன்பே சங்கப் பிரதிநிதிகளிடம் போய், "உங்கள் ஆதரவு கிடைக்க என்ன வேண்டும்?" என்று கேட்டனர். சங்கம் சொன்ன நிபந்தனைகள் இவை: ஓட்டுநர் விரும்பினால் மட்டுமே சேரலாம், இலக்கை எட்டினால் பணப் பரிசு கூடாது, எட்டாவிட்டால் தண்டனை கூடாது, உற்பத்தி உயர்ந்தது என்று காட்டி ஆட்குறைப்புச் செய்யக் கூடாது. பணமே வேண்டாம் என்று சங்கம் சொன்னது வியப்பாக இருக்கலாம். இன்று பரிசாக வருவது நாளை கட்டாய அளவாக மாறிவிடும் என்ற அச்சமே காரணம் என்று நாம் ஊகிக்கலாம். நிபந்தனைகள் ஏற்கப்பட்டன. 18 வாரங்களில் லாரிகளின் நடை கூடியதால் நிறுவனத்துக்குக் கிட்டிய பயனின் மதிப்பு 27 லட்சம் டாலர்.

சங்கம் இல்லாத இடத்தில்?

அறிவியல் மாணவர் இங்கே ஒரு தடை எழுப்ப வேண்டும். இரண்டு காரணிகள் சேர்ந்து மாறினால் விளைவு எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? பயன் விளைந்தது சங்கத்தாலா, நியாயத்தாலா? இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க, சங்கம் இல்லாத ஓரிடம் தேவை. 1997ஆம் ஆண்டில் ஜே.பி. ஹன்ட் என்னும் சங்கமற்ற பெரிய லாரி நிறுவனம் தன் ஓட்டுநர்களின் ஊதியத்தைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்த்தியது. வேலையை விட்டு ஓடுவோர் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. விபத்துகளும் வெகுவாகக் குறைந்தன. அதன் பதிவேடுகளைப் பெல்சரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து இதை வெளியிட்டனர். அனுபவசாலிகள் வேலைக்கு வந்ததும், வந்தவர்கள் தங்கியதும் காரணங்கள்.

மறுபக்கமும் உண்டு. சங்கத்தினர் நிறைந்த 'எல்லோ' என்னும் பழம்பெரும் லாரி நிறுவனம், கடன் சுமை தாளாமல் 2023ஆம் ஆண்டு மூடப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். அவர்களில் சுமார் 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள். சங்கம் இருப்பதாலேயே ஒரு நிறுவனம் தழைக்கும் என்பதும் இல்லை; வீழும் என்பதும் இல்லை. ஓட்டுநர் எதை நம்பலாம் என்பதே கேள்வி. சங்கமற்ற இடத்தில் அந்த நம்பிக்கை நிர்வாகத்தின் நல்ல மனத்தைப் பொறுத்தது. மனம் மாறினால் அதுவும் மாறும். சங்கம் உள்ள இடத்தில் அது தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பொருள். சங்கத்தின் உண்மையான பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று அமெரிக்க லாரிகளில் பெரும்பாலானவற்றில் மின்னணுப் பதிவுக்கருவி இருக்கிறது. 2017 டிசம்பர் முதல் அது கட்டாயம். வண்டி ஓடிய ஒவ்வொரு நிமிடத்தையும் அது குறித்துக்கொள்கிறது. அளவீடு துல்லியமாகிவிட்டது. ஆனால் துல்லியமான அளவு நியாயமான அளவாகிவிடாது. ஒக்லஹோமாவில் எடைமேடை ஓட்டுநர்களின் நண்பனாயிற்று. அது தங்களுக்கு எதிராகத் திரும்பாது என்று அவர்கள் அறிந்திருந்ததே காரணம். அந்த உறுதி இல்லாத இடத்தில் அதே எடைமேடை சாட்டையாகும்.

சுவரைத் தள்ளியவனைப் பற்றிக் கேட்கும் மாணவனுக்கு நான் இப்போது விடையைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். "சுவர்மீது அவன் செய்த வேலை சுழிதான், தம்பி. இது பாடநூல் கணக்கு. ஆனால் அவன் தசைகள் ஆற்றலைச் செலவழித்திருக்கின்றன. அவனுடைய ஒரு பகல் கழிந்துவிட்டது. கூலி கொடுக்கும்போது அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்."