கணக்கில் இடம் சேர்ந்தபோது

முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்திருந்தது. அப்போது பிடிபட்டவற்றில் சுறா போன்ற கொன்றுண்ணிகளின் பங்கு மட்டும் ஏன் கூடியது என்பதை விளக்கவே, இத்தாலியக் கணித அறிஞர் வீட்டோ வோல்ட்டெரா 1926-ல் இரண்டு சமன்பாடுகளை எழுதினார். அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் லோட்கா அவற்றைத் தனியாகவே எட்டியிருந்தார். இரை பெருகக் கொன்றுண்ணி பெருகும். அது பெருக இரை குறையும். பிறகு பட்டினியால் அதுவும் குறையும். அழகான கணக்கு. ஆனால் அதில் தூரம் என்பதே கிடையாது; எந்த உயிரும் எதையும் எந்த நொடியிலும் சந்தித்துவிடலாம். இரையும் கொன்றுண்ணியும் எப்படிச் சேர்ந்து நீடிக்கின்றன என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த விடுபட்ட தூரத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு வலுவான சான்று ஆரஞ்சுப் பழங்களில் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் பூச்சியியல் அறிஞர் கார்ல் ஹஃபேக்கர் ஆரஞ்சைத் தின்னும் சிலந்திப் பேன்களையும் அவற்றைத் தின்னும் வேறொரு பேனையும் சேர்த்து வளர்த்தார். எளிய அமைப்புகளில் முடிவு ஒன்றே: கொன்றுண்ணி இரையைத் துடைத்தெடுத்துவிட்டுத் தானும் மடிந்தது. பிறகு 252 பழங்களைப் பரப்பி, குறுக்கே வாஸ்லின் தடைகள் பூசி, ஆங்காங்கே சிறு மரக்குச்சிகளை நட்டார். குச்சியின் உச்சியிலிருந்து நூல் விட்டு இரைப் பேன்கள் காற்றில் மிதந்து போயின. கொன்றுண்ணிகளுக்கோ நடை மட்டுமே. ஒரு பழத்தில் அழிந்த இரை, எதிரி வந்து சேருமுன் இன்னொன்றில் பெருகியது. இம்முறை மூன்று முழுச் சுழற்சிகள் வரை இரண்டும் தாக்குப்பிடித்தன. 1958-ல் வெளியான இந்த ஆய்வில் உயிர்கள் மாறவில்லை, பசியும் மாறவில்லை. இடத்தின் அமைப்புதான் மாறியது.

கணிதம் இன்னும் ஒரு படி போகிறது. தடையே இல்லாத சீரான வெளியிலும் திட்டுகள் தாமாக உருவாகலாம். வேதிப்பொருள்களுக்கு 1952-ல் ஆலன் டூரிங் காட்டிய இந்த வழியை 1972-ல் லீ சீகலும் ஜூலியஸ் ஜாக்சனும் உயிரினங்களுக்குப் பொருத்தினர். இரை கூட்டமாக இருக்கையில் வேகமாகப் பெருக வேண்டும். கொன்றுண்ணிகள் தங்களுக்குள் போட்டியிட வேண்டும். இரையைவிட விரைவாகப் பரவவும் வேண்டும். அப்போது இரை செழித்த இடத்தில் பிறக்கும் கொன்றுண்ணிகள் சுற்றுப்புறத்துக்குச் சிதறி அங்குள்ள இரையை அடக்க, நடுவே திட்டு நிலைக்கிறது. வோல்ட்டெராவின் மூலச் சமன்பாட்டில் பரவலை மட்டும் சேர்த்தால் இது நேராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் எந்தக் கோலத்தையும் வரவழைக்கலாமே, அது இயற்கைக்கு எப்படிச் சான்றாகும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான மறுப்புதான்; ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வட இங்கிலாந்தின் கீல்டர் காட்டில் வோல் எனப்படும் சிறு கொறித்துண்ணிகளின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் அலையாக நகர்வதைச் சேவியர் லாம்பின் குழு 1998-ல் காட்டியது. வீசல் என்ற சிறு ஊனுண்ணி வேட்டையாடுவதால் வரும் அலை இது என்ற கணித மாதிரி அழகாகப் பொருந்தியது. ஆனால் அதே காட்டில் வீசல்களைப் பிடித்து அகற்றியபோதும் வோல்களின் வீழ்ச்சி நிற்கவில்லை. அலை பொருந்தியதால் மட்டும் காரணம் உறுதியாகிவிடாது. உணவுத் தட்டுப்பாடோ நோயோ அதே அலையை எழுப்பக்கூடும். எனினும் மாதிரி வீணாகவில்லை. வீசலைக் குற்றவாளியாக நிறுத்தியதால்தான் அதை அகற்றிச் சோதிக்க முடிந்தது. அங்குள்ள பெரிய நீர்த்தேக்கம் போன்ற வாழ முடியாத பரப்பே அலைகளைக் கிளப்பலாம் என்ற ஜோனதன் ஷெராட் குழுவின் 2002 கணக்கும் அப்படித்தான்: நீர்ப்பரப்பின் கரையிலிருந்து அலை எத்திசையில் விலகுகிறது என்று களத்தில் அளந்து, சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.