அவசர சேவைக்கு யார் பணம் செலுத்துவது? ஊவாத் தோட்டங்கள் எழுப்பும் கேள்வி

பதுளை நகரில் ஒரு கடை தீப்பற்றினால் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு சில நிமிடங்களில் வந்துவிடும். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு லயன் தீப்பற்றினால், தூரத்து நகரிலிருந்து வளைந்து நெளிந்த மலைப்பாதையில் வண்டி வரவேண்டும். லயன் அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருப்பவை. ஓர் அறையில் பிடித்த தீ, வண்டி வருவதற்குள் வரிசை முழுவதையும் முடித்துவிடலாம்.

இந்த வேறுபாட்டுக்குத் தூரம் மட்டும் காரணமல்ல. யார் பணம் செலுத்துகிறார்கள் என்பதும் காரணம்.

இலங்கையில் பொலிஸ் சேவைக்கு மத்திய அரசு பணம் செலுத்துகிறது. தீயணைப்போ பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. மாநகர சபைக்குக் கடைகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் சோலைவரி கிடைக்கிறது. அந்த வருமானம் இல்லாத பெரும்பாலான பிரதேச சபைகளிடம் தீயணைப்பு வண்டி கிடையாது. வரி வருமானம் குறைந்த இடத்தில் பாதுகாப்பும் குறைகிறது.

அம்பியூலன்ஸ் விடயத்தில் நாடு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் 1990 சுவசெரிய சேவை ஆரம்பமானது. 2018 இல் அதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியது; பின்னர் 297 வண்டிகளுடன் நாடு முழுவதும் விரிந்தது. அழைப்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை, மதமும் மொழியும் கேட்பதில்லை. நன்கொடையில் ஆரம்பித்த சேவையைத் தொடர்ந்து நடத்துவது பொதுப் பணம்தான். 2022 எரிபொருள் நெருக்கடியில் இச்சேவை தடைப்பட்டபோது, வண்டி இருப்பது மட்டும் போதாது, அதை ஓட்டவும் பணம் வேண்டும் என்பதை நாம் கண்டோம்.

தோட்டங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொழிலாளியின் மருத்துவம் தோட்டத் துரைமாரின் பொறுப்பாகவே கருதப்பட்டது. தோட்டத்து மருந்தகமும் தோட்ட லொறியும் அதன் எச்சங்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது, தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் சபை அவர்களது பாதைக்கும் குழாய்க்கும் பணம் செலவிட முடியாமல் முப்பது ஆண்டுகள் கடந்தன. கம்பனி சபையைக் காட்டியது, சபை கம்பனியைக் காட்டியது.

இந்தக் கைகாட்டலின் விலை சிறியதல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன.

பயன்படுத்துபவரே கட்டணம் செலுத்தட்டும் என்று சிலர் சொல்லலாம். அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம் அதைத்தான் செய்தது. நகர எல்லைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் தீயணைப்புக்கு ஆண்டுக்கு 75 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. 2010 இல் கட்டணம் செலுத்தாத ஒரு குடும்பத்தின் வீடு எரிந்தபோது, தீயணைப்பாளர்கள் வந்தும் அதை அணைக்கவில்லை. பக்கத்து வீட்டார் கட்டணம் செலுத்தியிருந்ததால் அவரது காணிக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளியிடம் இப்படியொரு கட்டணம் கேட்டால், எத்தனை லயன்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கும்?

இதில் எமது சமூகத்துக்கு என்ன பங்கு? பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை எனப் பரந்து வாழும் நாம், அனர்த்தம் வந்தால் பள்ளிவாசலைத் திறந்து, சமைத்து, வாகனம் கொடுப்பவர்கள். அது தொடர வேண்டும். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனை, வக்ஃபு வருமானத்தில் ஏழை, பணக்காரர் பேதமின்றிச் சிகிச்சை அளித்தது. அந்த வக்ஃபு நிலையான வருமானம் தரும் சொத்துகளில் நின்றது. ஜும்ஆவுக்குப் பின் திரட்டும் பணத்தில் ஒரு வண்டி வாங்கலாம். இருபது ஆண்டுகள் அதற்குச் சாரதியும் டீசலும் கொடுப்பது கடினம். உயிர் காப்பது பர்ளு கிபாயா. ஊரில் எவரும் செய்யாவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள். எனவே அதைச் செய்யக்கூடிய ஓர் அமைப்பை உருவாக்கும்படி கேட்பதும் எமது கடமையே.

கேட்க வேண்டியவை தெளிவானவை. அம்பியூலன்ஸ் செலவை மத்திய அரசே தொடர்ந்து ஏற்க வேண்டும். தீயணைப்பில், மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் எழுத்து மூலமான உடன்படிக்கை செய்து, பசறை, லுணுகலை போன்ற இடங்களில் துணை நிலையங்கள் அமைக்கலாம். பெரும்பகுதிச் செலவை மாகாண நிதியும், ஒரு பகுதியைத் தோட்டக் கம்பனிகளும் ஏற்கலாம். தோட்டப் பாதையைச் சீராக வைத்திருப்பது கம்பனியின் பங்காக எழுதப்பட வேண்டும். பாதை இல்லாவிட்டால் எந்த வண்டியும் போகாது. பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலய இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தால், வண்டி வரும்வரையான நேரத்தை அவர்கள் தாங்குவார்கள்.

ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிந்தது. ஆனால் 2025 மே மாதத் தேர்தலில் நாம் தெரிவுசெய்த உள்ளூராட்சி உறுப்பினர்கள் எம் ஊரிலேயே இருக்கிறார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் அவர்களிடம் இதைக் கேட்போம். எமது மஹல்லாவுக்காக மட்டுமல்ல, மேலே உள்ள லயனுக்காகவும் கேட்போம்.