வயிற்றில் தெரியும் வரிகளும் வயிற்றின் வலிமையும்

தினந்தோறும் ஓட்டம், நீச்சல், பளுதூக்கல் என்று ஏதேனும் ஒரு தேகப்பயிற்சியை ஒழுங்காகச் செய்துவரும் பெண்களில் பலருக்கு உள்ளூர ஒரு மனக்குறை உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. தொடையும் தோளும் உரம் ஏறியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனையிலும் பழுது சொல்ல ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், திரையிலும் பத்திரிகை அட்டையிலும் காண்கிற தசை வரிகள் தம் வயிற்றில் மட்டும் தோன்றக் காணோமே என்று ஏங்கி, தம் பிரயாசை போதவில்லை என்று தாமே முடிவுகட்டி, பயிற்சியைக் கூட்டுகிறார்கள், ஆகாரத்தைக் குறைக்கிறார்கள். 2008-ல் வெளிவந்த ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் நடிகர் சூர்யா காட்டிய உடற்கட்டு ‘சிக்ஸ் பேக்’ என்ற பேச்சைத் தமிழ்நாட்டில் பரவலாக்கியது; ஆடவர் தேகத்தை வைத்து வகுத்த அந்த அளவையே இன்று பெண்களும் தமக்கு வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால், வயிற்றின் வலிமை வேறு, அது வெளியே தெரிவது வேறு. முன்னது உழைப்பவர் எல்லோருக்கும் கிட்டுவது, பின்னதைப் பெரும்பாலும் பரம்பரையும் பெண்ணுடலுக்குரிய சரீர தர்மமும் தீர்மானிக்கின்றன. பின்னதை நாடிப் போய் முன்னதையும் இழந்து நிற்பவர்கள் உண்டு என்பதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

தசையின் அமைப்பு

வயிற்றின் முன்புறத்தில், மார்பெலும்பின் அடியிலிருந்தும் கீழ் விலாக்களின் குருத்தெலும்பிலிருந்தும் அடிவயிற்றின் எலும்பு வரையில் இரண்டு நீண்ட பட்டைகளாக இறங்குவது நேர்வயிற்றுத் தசை. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே வெண்ணிற நார்க்கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடுகிறது. குறுக்கே, சாதாரணமாக மூன்று இடங்களில், வலிய நார்கள் அத்தசையைப் பகுக்கின்றன. தசை திரண்டு, அதன் மேலுள்ள கொழுப்பு மெலிகிறபோது நார்கள் பள்ளமாகவும் இடைப்பட்ட தசை மேடாகவும் தெரிவதைத்தான் வரிகள் என்று நாம் சொல்லுகிறோம். இந்த நார்கள் எத்தனை, அவை நேராக ஓடுமா கோணலாக ஓடுமா, இடமும் வலமும் ஒத்திருக்குமா என்பவையெல்லாம் பிறப்பிலேயே அமைந்துவிடுகின்றன. ஒருத்திக்கு நான்கு மேடுகளே தெரியலாம், மற்றொருத்திக்கு எட்டும் தெரியலாம். இந்தக் கணக்கை மாற்றவல்ல பயிற்சி எதுவும் இல்லை.

இத்தசையின் இரு மருங்கிலும் சாய்வாக ஓடும் தசைகள் இரண்டு அடுக்காக உள்ளன. எல்லாவற்றிற்கும் உள்ளே, இடுப்பை ஒட்டியாணம் போல வளைத்துப் பிடித்து நிற்பது குறுக்குத் தசை. முதுகெலும்புக்குப் பெருந்துணையாக இருப்பது இதுவே. ஆரோக்கியமான ஒருவர் கையை உயர்த்த நினைக்கிறபோது, தோள்தசை இயங்குவதற்கு ஒரு கணம் முன்னதாகவே இந்தக் குறுக்குத் தசை இறுகிக்கொள்வதை ஆராய்ச்சியாளர்கள் மின்கருவிகளால் அளந்து கண்டிருக்கிறார்கள். நிலைக்கண்ணாடியில் ஒருநாளும் தெரியப்போகாத இத்தசை தளர்ந்திருக்கையில், வெளியே வரிகள் பளிச்சிட்டாலும் பயன் சொற்பமே.

தோலுக்கும் தசைக்கும் நடுவில்

உயிர்வாழ்வுக்கும் இனவிருத்திக்கும் இன்றியமையாத கொழுப்பு, பெண்ணின் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் என்றும், ஆணுக்கு அது 3 சதவீதமே என்றும் உடலியல் நூல்கள் மதிப்பிடுகின்றன. பருவம் எய்திய நாள் முதலாக ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கர்ப்பத்திற்கும் பால் சுரப்பதற்கும் வேண்டிய சேமிப்பை இடுப்பிலும் தொடையிலும் சேர்த்துவைக்கிறது; மாதவிடாய் நின்ற பிறகு அச்சேமிப்பு வயிற்றை நாடத் தொடங்குகிறது. விளையாட்டு வீராங்கனைகளுக்கு 14 முதல் 20 சதவீதம், பயிற்சியுள்ள மற்றப் பெண்களுக்கு 21 முதல் 24 சதவீதம் கொழுப்பு இருப்பது பயிற்சியாளர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. வயிற்று வரிகளோ, பெரும்பாலான பெண்களுக்கு 20 சதவீதத்திற்குக் கீழே இறங்கிய பின்னரே தெளிவாகத் தெரிகின்றன. தொடையில் கொழுப்பைச் சேர்க்கும் சுபாவமுள்ள உடலுக்கு அவ்வளவு இறங்க வேண்டியிராது. வயிற்றில் சேர்க்கும் உடலுக்கு அதற்கும் கீழே போக வேண்டியிருக்கும். ஒரே ஆகாரம் உண்டு, ஒரே பயிற்சி செய்யும் உடன்பிறந்த இருவருக்குள்ளேகூட இந்த வேற்றுமையைக் காணலாம்.

இங்கே இன்னொரு பாகுபாட்டையும் மனத்தில் இருத்த வேண்டும். விரல்களால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது தோலடிக் கொழுப்பு. குடலையும் ஈரலையும் சூழ்ந்து உள்ளே தங்குவது உள்ளுறுப்புக் கொழுப்பு. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி திறப்பது முக்கியமாக இரண்டாவதுதான். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரை எட்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். அந்த அளவு 72 ஆக இருந்து, வரி ஒன்றும் தெரியாமல் தோலடியில் மெல்லிய கொழுப்பு மட்டும் இருக்குமானால், அப்பெண்ணின் ஆரோக்கியத்திற்கு வயிற்றின் பக்கமிருந்து குறை ஏதும் வந்துவிட்டதாகக் கருத நியாயமில்லை.

ஓரிடத்துக் கொழுப்பைக் கரைக்கலாமா?

வயிற்றுக்கென்று நூறு முறை எழுந்து படுத்தால் வயிற்றுக் கொழுப்பு கரைந்துபோகும் என்ற நம்பிக்கை நெடுநாளாக இருந்துவருகிறது. 1971-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக மட்டை வீசிய கை மற்றக் கையைவிடத் திரண்டிருந்தது; ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிப்போ இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. 2011-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், ஆறு வாரம், வாரத்திற்கு ஐந்து நாள் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுத் தசையின் தாங்கும் சக்தி கூடியதேயன்றி வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. தசைக்கு வேண்டிய கொழுப்பு, அருகிலிருந்து நேரே வருவதில்லை. ஹார்மோன்களின் ஆணைப்படி உடலெங்கும் உள்ள சேமிப்பிலிருந்து கரைந்து, ரத்தத்தின் வழியாக வந்துசேருகிறது. எந்த இடத்துச் சேமிப்பு முதலில் கரையும், எது கடைசியில் கரையும் என்பது அவரவர் உடலின் சுபாவம். பெண்கள் பலருக்கு முகமும் மார்பும் முன்னால் வற்றி, அடிவயிறு கடைசியில் இளைக்கிறது.

எந்தப் பயிற்சி உதவும்?

அப்படியானால் வயிற்றுப் பயிற்சி வீணா என்றால், வீணன்று. மற்றத் தசைகளைப் போல வயிற்றுத் தசையும் பளு ஏற ஏறத் திரளுகிறது. திரண்ட தசையின் மேடு, மேலே சற்றுக் கொழுப்பு இருந்தாலும் புலப்படுகிறது. ஆகவே தினமும் இருநூறு என்று எண்ணிக்கையை வளர்ப்பதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்துப் பதினைந்து முறைக்குமேல் செய்ய இயலாத அளவுக்குக் கடினமான பயிற்சியைச் செய்வது மேல். கம்பியில் தொங்கிக் கால்களை உயர்த்துவது அத்தகையது. நம் பழைய தேகாப்பியாசக் கூடங்களில் பழகிய தண்டாலும் பஸ்கியும், இன்றைய ஜிம்களில் தரையிலிருந்து பளுவைத் தூக்கும் டெட்லிஃப்டும், வயிற்றைத் தனியே குறிவைக்காவிட்டாலும் அதை இறுகப் பிடிக்க வைக்கின்றன.

உள்தசையைப் பழக்குவதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. பாயில் மல்லாந்து படுத்து, இரு கைகளையும் கூரையை நோக்கி நீட்டி, இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்க, கால்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கீழ்முதுகுக்கும் பாய்க்கும் இடையே ஓர் உள்ளங்கைகூட நுழைய முடியாதபடி முதுகைப் படியவைத்து, மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே வலக்கையைத் தலைப்பக்கமும் இடக்காலைக் கீழ்ப்பக்கமும் நீட்டி, பாயைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, பழைய நிலைக்குத் திரும்பிப் பக்கத்தை மாற்ற வேண்டும். முதுகு பாயைவிட்டு எழும்பும் கணமே வயிறு கைவிட்டது என்பதற்கு அடையாளம். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். நிதானமாகச் செய்தால் எட்டு முறைக்குள் நெற்றி வியர்க்கும். பளு தூக்கும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிகிறதென்றால், இடுப்புத்தளத் தசைகள் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று பொருள். கூச்சப்பட்டு மறைக்காமல் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்.

ஆகாரமும் நித்திரையும்

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினம் 300 கலோரி குறைத்து உண்டால் கணக்குப்படி அது கரைய 26 நாள் ஆகும். நடைமுறையில் இன்னும் சற்று மெதுவாகவே நடக்கும். இந்த நிதானத்தைப் பொறுக்காமல் பட்டினி கிடப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழந்துவிடுவதால், இளைத்த பிறகும் வயிறு தொளதொளவென்றே இருக்கிறது. தசையைக் காப்பது புரதம். சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் போதும் என்பது இந்திய ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. கடும் பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 66 முதல் 110 கிராம். காலையில் இட்லியும் சட்னியும், பகலில் சோறும் ரசமும், மாலையில் காபியும் பிஸ்கட்டுமாகக் கழியும் நாளில் இதில் பாதிகூடச் சேர்வது அரிது. முட்டை ஒன்றில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் சுமார் 14 கிராம் என்று நினைவில் வைத்துக்கொண்டு, மீன், பருப்பு, தயிர், சுண்டல் இவற்றை ஒவ்வொரு வேளைக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்புச்சத்தையும் மறக்கலாகாது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. பயிற்சியில் வரும் களைப்பை ‘மனஉறுதி போதாது’ என்று நொந்துகொள்வதற்கு முன் ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நித்திரைக்கும் இதில் பங்குண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே அளவு குறைந்த உணவு உண்டவர்களை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டு முறையும் இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தூக்கம் குறைந்த வாரங்களில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவாயிற்று, மீதி தசை முதலியவற்றிலிருந்து போயிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுவதற்காக நள்ளிரவுத் தூக்கத்தை விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாதவிடாய் காட்டும் கணக்கு

பயிற்சிக்குச் செலவானது போக, உடலின் மற்ற வேலைகளுக்கு மிஞ்சும் கலோரியே இவ்விஷயத்தில் தலையாய கணக்கு. 55 கிலோ எடையும் 20 சதவீதக் கொழுப்பும் உள்ள ஒரு பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கிய எடை 44 கிலோ. அவள் 1,600 கலோரி உண்டு, 400 கலோரியைப் பயிற்சியில் செலவிட்டால், மிஞ்சுவது 1,200; அதாவது கிலோவுக்கு 27. இது 45 ஆக இருப்பது உத்தமம். 30-க்குக் கீழே இறங்கினால் ஐந்தே நாட்களில் மாதவிடாயை ஆளும் ஹார்மோனின் ஒழுங்கு குலையத் தொடங்குவதை 2003-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. 1,600 கலோரி என்பது யார் கண்ணுக்கும் பட்டினியாகத் தோன்றாது என்பதே இதிலுள்ள அபாயம்.

குறைந்த ஆகாரம், நின்றுபோகும் மாதவிடாய், வலுவிழக்கும் எலும்பு ஆகிய மூன்றும் கூடிவருவதை அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் 1990-களில் வீராங்கனைகளுக்கே உரிய முக்கோணப் பிணியாக வகுத்தார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் அதை விரிவாக்கி ‘ரெட்-எஸ்’ என்று பெயரிட்டது. எலும்பின் உறுதி முப்பது வயதுவாக்கில் உச்சத்தை எட்டிவிடுவதால், இருபதுகளில் ஏற்படும் நஷ்டத்தைப் பின்னால் முழுவதும் ஈடுகட்ட இயலாது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு வைத்தியரைப் பார்ப்பது அவசியம். கருத்தடை மாத்திரை உட்கொள்வோருக்கு மாதந்தோறும் வரும் உதிரப்போக்கு, உடல் சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகாது.

பிரசவம் கண்ட வயிறு

கர்ப்ப காலத்தில் நேர்வயிற்றுத் தசையின் இரு பட்டைகளும் நடுக்கோட்டில் விலகி வழிவிடுகின்றன. பிரசவத்திற்குப் பின் சிலருக்கு அந்த இடைவெளி முழுவதும் சேருவதில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே உயர்த்தியபடி தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களால் அழுத்திப் பார்த்தால் அது தெரியும். இரண்டு விரல் அகலத்திற்குமேல் இடைவெளி இருந்தாலோ, எழுந்திருக்கும்போது நடுவயிறு கூம்பாகப் புடைத்தாலோ, முதலில் மூச்சுப் பயிற்சியாலும் உள்தசைப் பயிற்சியாலும் அதைச் சரிப்படுத்த வேண்டும். அப்புடைப்பை உண்டாக்கும் கடும் பயிற்சிகளை அதுவரையில் ஒத்திவைப்பது நலம்.

எங்கே நிறுத்துவது?

மேடையில் நிற்கும் போட்டியாளர்களும் படப்பிடிப்புக்கு வருகிற நடிகைகளும் சில நாட்களுக்கென்று உடலை வரிகள் பளிச்சிடும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு அவர்களும் இயல்பான எடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். விளக்கின் கோணமும், உடலில் நீரைக் குறைக்கும் உபாயமும் சேர்ந்து ஆக்கிய ஒரு நாளின் தோற்றத்தை, வருஷம் முழுதும் அலுவலகமும் அடுப்படியுமாக இயங்க வேண்டிய பெண் தன் லட்சியமாகக் கொள்வது பொருந்தாது.

வரி வேண்டும் என்பவர்கள் மூன்று, நான்கு மாதம் மேற்சொன்ன முறைப்படி முயன்று பார்க்கலாம். மாதவிடாய் தவறாமல் வந்து, தூக்கும் பளு ஏறிக்கொண்டே போய், தூக்கமும் கெடாமல் இருக்கையில் வரிகள் தோன்றினால், அந்நிலையில் நிலைத்திருக்கத் தடையில்லை. மாதவிடாய் தள்ளிப்போவதும், கைகால் சில்லிட்டுக் கிடப்பதும், எலும்பில் ஓரிடத்து வலியும், எந்நேரமும் சாப்பாட்டின் நினைவும் தொடங்கிவிட்டால், அந்த உடலுக்கு அந்த வரி கட்டுப்படியாகாது என்று கொண்டு ஆகாரத்தை உடனே கூட்டிவிட வேண்டும். வைத்தியரின் யோசனையையும் கேட்க வேண்டும். அதன்பின் லட்சியத்தைக் கண்ணாடியிலிருந்து பளுவுக்கு மாற்றிக்கொள்வதில் நஷ்டமொன்றுமில்லை. இந்த மாதம் முப்பது கிலோ தூக்கியவள் அடுத்த பருவத்தில் நாற்பது தூக்கினால், தண்டால் ஒன்று எடுக்கத் திணறியவள் பத்து எடுத்தால், வயிறு உரம் பெற்றுவிட்டது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சியம் வேண்டியதில்லை.