ஆடு மேய்த்த பிரதம மந்திரி!

காலையில் 20 ஆடுகளை மேய்ப்பாள். மாலையில் பிரதம மந்திரியாக வேலை பார்ப்பாள். வயது 12!

இது கட்டுக்கதை அல்ல. ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம் இருக்கிறது. பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக அங்கே இரவுப் பள்ளிகள் தொடங்கினார்கள். 1993-ல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாராளுமன்றமும் ஏற்பட்டது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுப் போட்டார்கள். கல்வி மந்திரி, சுகாதார மந்திரி எல்லோரும் பிள்ளைகளே!

இது வெறும் விளையாட்டு அல்ல. வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா, பாடம் நடக்கிறதா என்று இவர்களே மேற்பார்வை பார்த்தார்கள்.

ராணி வியந்தார்

அந்தச் சிறுமிக்கு ஸ்வீடன் நாட்டில் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர் அந்நாட்டு ராணி. "இவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?" என்று ராணி வியந்து கேட்டாராம். சிறுமி கொஞ்சமும் கூசவில்லை. தான் ஒரு பிரதம மந்திரி என்று ராணியிடம் சொல்லச் சொன்னாளாம்! அந்தப் பள்ளிகளை நடத்திய பங்கர் ராய், 2011-ல் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னார்.

ஓடைக்குப் பாலம்

கர்நாடகத்தில் குந்தாப்பூர் வட்டாரக் கிராமங்களில் 1995-ல் "மக்கள பஞ்சாயத்து" தொடங்கியது. கன்னடத்தில் "மக்களு" என்றால் குழந்தைகள். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட நடைபாலம் வேண்டும் என்று அந்தக் குழந்தைகள் கேட்டார்கள். ஓடையில் இறங்கி நடப்பது பிள்ளைதான். பாலம் எங்கே வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா?

2004-ல் அங்கே 56 ஊராட்சிகளின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 20,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் யோசனை சொன்னார்கள்.

நம் பக்கம் எப்படி?

புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-ல்தான் வந்தது. இடையில் 38 ஆண்டுகள்! வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பலர் பஞ்சாயத்துத் தேர்தலையே காணாமல் வளர்ந்து, கலியாணம் செய்து, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். ஊர்க் காரியத்தில் யாரும் கேட்காவிட்டால், வாய் திறந்து பேசும் பழக்கம் எப்படி வரும்? அந்தப் பழக்கத்தைச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. பிள்ளையைப் பற்றிய காரியத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-ல் ஐ.நா. உடன்படிக்கை கூறியது. 1992-ல் இந்தியா அதை ஏற்றது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களே.

தாய்மார்களே, தந்தைமார்களே! அந்தக் கூட்டத்துக்குப் புறப்படும் முன் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? போகிற வழியில் பயம் உண்டா?

அவர்கள் சொன்னதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன முடிவாயிற்று என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டார்களா? ஏன் முடியாது என்பதையும் சொல்லுங்கள்.