சொல்லாமல் காட்ட ஒரு நிலா

திருமண நாளன்று துணையைத் திடீர்ப் பயணம் அழைத்துப்போக நினைக்கும் தில்லித் தமிழர்களுக்குப் பணம்கூடப் பெரிய இடைஞ்சல் இல்லை. பஞ்சாங்கமும் பனிமூட்டமும் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தும்தான் காலை வாருகின்றன.

தில்லித் தமிழர் வீடுகளில் தாஜ்மகாலை ஒரே ஒரு தடவை பார்த்த குடும்பத் தலைவி அபூர்வம். ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தால் ஆக்ரா. நாத்தனார் பெண் புது மாப்பிள்ளையோடு வந்தால் ஆக்ரா. காசிக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் ஆக்ரா, அப்படியே மதுரா. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது அவர். உள்ளே சாப்பாட்டு மூட்டைக்கு அனுமதி இல்லை என்பதால், பையைக் காத்துக்கொண்டு வெளியிலேயே நிற்பதும் பெரும்பாலும் அவர்தான். உலக அதிசயம் என்றாலே அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது செருப்பை எங்கே விட்டோம் என்ற கவலை.

அப்படிப்பட்டவரை, கல்யாண நாள் பரிசாக, சொல்லாமல் கொள்ளாமல் தாஜ்மகாலுக்கே அழைத்துப்போகிறேன் என்று ஒரு கணவர் கிளம்பினால் அவர் அசடு அல்லது மகா துணிச்சல்காரர். ஆனால் இரவில், நிலா வெளிச்சத்தில், உறவுக்காரர் ஒருவர்கூட இல்லாமல் இருவர் மட்டும் என்றால் விஷயம் வேறு. பத்துத் தடவை போனவர்களும் பார்த்திராத தாஜ்மகால் அது.

பஞ்சாப் தீவிரவாதம் உச்சத்தில் இருந்த 1984ல் பாதுகாப்புக் காரணங்களுக்காக இரவுப் பார்வை நிறுத்தப்பட்டது. இருபது வருடம் கழித்து, 2004 நவம்பரில்தான் உச்ச நீதிமன்ற அனுமதியோடு மறுபடி தொடங்கியது. அதுவும் கறாரான நிபந்தனைகளோடு. பௌர்ணமி இரவு, அதற்கு முந்தைய இரண்டு இரவுகள், பிந்தைய இரண்டு இரவுகள் என மாதத்துக்கு ஐந்து இரவுகள்தான். இரவு எட்டரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, தடவைக்கு 50 பேர் வீதம் எட்டுக் குழுக்கள். மொத்தம் 400 பேர். ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம். கல்லறை அருகே போக முடியாது. நுழைவாயிலை ஒட்டிய சிவப்புக்கல் மேடையில் நின்று எட்டத்திலிருந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை கிடையாது. ரம்ஜான் மாதம் முழுக்கக் கிடையாது. டிக்கெட்டை முந்தின நாளே எடுத்தாக வேண்டும், வருகிறவர்களின் அடையாள அட்டை விவரத்தோடு.

ரகசியத் திட்டக்காரருக்கு முதல் சிக்கல் இங்கேதான். கல்யாண நாள் நகர்வது ஆங்கிலக் காலண்டரில். நிலா நகர்வது வேறு கணக்கில். இந்த வருடம் ஒரு தேதியில் பௌர்ணமி என்றால் அடுத்த வருடம் அது ஏறக்குறைய பதினோரு நாள் முன்னதாக வந்துவிடும். அதற்கடுத்த வருடம் இன்னும் முன்னால். ஆனால் இந்த ஓட்டப் பந்தயத்தில் இரண்டும் சந்திக்கும் இடங்கள் உண்டு. 8ஆம் ஆண்டிலும் 11ஆம் ஆண்டிலும் ஒன்றரை நாள் வித்தியாசத்தில் நிலா பழைய தேதிக்குத் திரும்புகிறது. 19ஆம் ஆண்டில் அந்த வித்தியாசம் சுமார் இரண்டு மணி நேரமாகக் குறைகிறது. லீப் வருடக் குளறுபடியால் தேதி ஒன்று தள்ளலாம், அவ்வளவே. 235 சாந்திர மாதங்களும் 19 வருடங்களும் கிட்டத்தட்ட சமம் என்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வானியலாளர் மெட்டான் பெயரில் வழங்கும் கணக்கு. நம் நாட்டுச் சாந்திரமானப் பஞ்சாங்கக்காரர்கள் 19 வருடத்தில் ஏழு அதிக மாதங்களைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆக, தாலி கட்டிய அன்று இரவு வானத்தில் எந்த நிலா இருந்ததோ, அதே நிலா 19ஆம் கல்யாண நாளில் திரும்ப வருகிறது. வெள்ளி விழாவுக்கு மண்டபம் பிடிப்பவர்கள் உண்டு. பத்தொன்பதை யாரும் கொண்டாடுவதில்லை. பஞ்சாங்கத்தை வரிக்கு வரி நம்புகிற சமூகம் இதை எப்படிக் கோட்டை விட்டது என்று தெரியவில்லை.

இதில் ஒரு விசித்திரப் பொருத்தமும் இருக்கிறது. ஷாஜகானும் மும்தாஜும் மணம் செய்துகொண்டது 1612ல். மும்தாஜ் இறந்தது 1631 ஜூனில். பத்தொன்பது வருடத் தாம்பத்தியம். கணவரின் படையெடுப்புப் பயணங்களில் கூடவே போனவர் மும்தாஜ். கடைசிப் பயணமும் அப்படித்தான். தக்காணப் படையெடுப்பின்போது, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் தபதி ஆற்றங்கரையில் இருக்கும் புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில் உயிர் போயிற்று. முதலில் அங்கேயே அடக்கம் செய்து, சுமார் ஆறு மாதம் கழித்துத்தான் உடலை ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். காதல் சின்னம் என்று சுற்றுலாத் துறை விளம்பரம் செய்கிறது. பிரசவங்களுக்கு நடுவே எத்தனை நூறு மைல் என்று, பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் கணக்குப் போடாமல் இருக்கமாட்டார்.

நிலா ஒத்துவந்தாலும் வானிலை ஒத்துவர வேண்டுமே. தமிழர்கள் கல்யாணம் செய்யும் மாதங்களுக்கும் வட இந்தியச் சீதோஷ்ணத்துக்கும் ஏழாம் பொருத்தம். தை முகூர்த்தம் என்றால் ஜனவரி மத்தியிலிருந்து பிப்ரவரி மத்தி வரை: எதிரே வருபவர் தெரியாத மூடுபனி, மணிக்கணக்கில் தாமதமாகும் ரயில்கள், கிளம்பாத விமானங்கள். 2012 ஆகஸ்டில் திறந்த யமுனை விரைவுச் சாலை கிரேட்டர் நொய்டாவிலிருந்து 165 கிலோ மீட்டரில் ஆக்ராவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதிலும் குளிர்காலத்தில் வேக வரம்பைக் குறைத்துவிடுகிறார்கள். வைகாசி என்றால் 45 டிகிரி. ஆவணியில் மழை மேகம் நிலாவை விழுங்கிவிடும். தில்லியும் ஆக்ராவும் அழகாக இருப்பது ஐப்பசி, கார்த்திகையிலும் மாசி, பங்குனியிலும். மாசியில் பிப்ரவரி பாதி முதல் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வு. வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால் நிலா, தாஜ்மகால் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

இதையெல்லாம் தாண்டியவரை அடுத்து மடக்குவது பெயர். ரயிலில் பரவாயில்லை, ஒரே டிக்கெட்டில் போகிறவர்களில் ஒருவர் அடையாள அட்டை காட்டினால் போதும். கொஞ்சம் தூரமாக, விமானத்தில் போகலாம் என்று திட்டமிட்டவர்தான் மாட்டிக்கொள்கிறார். விமான டிக்கெட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். மனைவியின் ஆதார் அட்டையில் இருப்பது அப்பாவின் எழுத்தா, கணவரின் எழுத்தா? அது ஒற்றை எழுத்தாக நிற்கிறதா, முழுப் பெயராக விரிந்திருக்கிறதா? முன்னாலா, பின்னாலா? பான் அட்டையில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம் என்பது தமிழ்ப் பெண்களுக்குச் சர்வசாதாரணம். பல வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், மனைவியின் பெயர் சர்க்காரிடம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை அவர் கைப்பையைத் திருட்டுத்தனமாகத் திறந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. யூகத்தில் எழுதினால் விமான நிலைய வாசலில் தொழில் பாதுகாப்புப் படைக்காரர் அட்டையையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். பரிசு அங்கேயே உடையும்.

அரசு ஊழியர் குடும்பங்களில் தடை இரட்டிப்பு. ஆர்.கே. புரத்திலோ சரோஜினி நகரிலோ குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்குப் பயணம் என்றாலே எல்.டி.சி. தான். சொந்த ஊருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும். அந்தச் சலுகையில் போனால் முன்கூட்டியே அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். மனைவியும் அரசு வேலையில் இருந்தால், அவர் தனியாகச் சலுகை பெறவில்லை என்று உறுதி தர வேண்டும். கோப்பு மேஜை மேஜையாக நகரும். நகரும் கோப்பில் ரகசியம் தங்காது. அதனால் விவரமானவர்கள் எல்.டி.சி.யைத் தொடுவதே இல்லை. வருடத்துக்கு எட்டு நாள் தற்செயல் விடுப்பில் இரண்டைச் செலவழித்துச் சொந்தக் காசில் போகிறார்கள்.

மனைவியின் விடுப்புக்குத்தான் கூட்டாளி தேவை. அவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரையோ மேலதிகாரியையோ பிடித்து, அந்த இரண்டு நாளில் கூட்டம், ஆய்வு எதுவும் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரிடம் சொல்லியாக வேண்டும். மாமியாரிடம் சொன்ன ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். மனைவி ரகசியமாகத் திட்டமிட்டு, கணவரை இழுத்துப்போகும் வீடுகளில் இந்தச் சிரமங்கள் குறைவு. கணவரின் சட்டை, மாத்திரை, லீவுக் கணக்கு எல்லாமே ஏற்கெனவே அவர் கையில்தான்.

காட்டிக்கொடுக்கும் எட்டப்பன் என்னவோ கைபேசிதான். ரயில் டிக்கெட் எடுத்த மறு நிமிடம் குறுஞ்செய்தி. கூட்டுக் கணக்கிலிருந்து பணம் போனால் வங்கியிலிருந்து இன்னொன்று. சமையலறையில் இருப்பவரின் தொலைபேசியில் 'உங்கள் கணக்கில்' என்று அது மின்னினால் கதை முடிந்தது. ரயில்வே ஒரு விதத்தில் உதவியிருக்கிறது: 120 நாள் முன்பதிவை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டது. ஒரு விஷயத்தை மனைவியிடம் நான்கு மாதம் மறைப்பதற்குப் பதில் இரண்டு மாதம் மறைத்தால் போதும்.

ரயில்களில், 2016 ஏப்ரல் 5ல் ஓடத் தொடங்கிய கதிமான் விரைவு ரயில் ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து ஆக்ரா கண்டோன்மென்டுக்கு நூறே நிமிடத்தில் போகிறது. காலையில் போய் மாலையில் திரும்பும் வண்டி என்பதால், நிலா பார்க்க நினைப்பவர்கள் ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். பட்ஜெட் லட்சங்களில் இருந்தால், 1982 குடியரசு தினத்தன்று தொடங்கிய அரண்மனை ரயில் ஒரு வாரம் ராஜஸ்தானைச் சுற்றிக் காட்டுகிறது. செக்‌ஷன் ஆபீசர் சம்பளத்தில் அதைப் பற்றிப் படிக்கலாம்.

இத்தனை ஏற்பாட்டிலும் கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு: அவருக்கு எங்கே போக ஆசை? தில்லிக்கு வந்த நாளாக, சேர்த்துவைத்த விடுப்பெல்லாம் தமிழ்நாடு எக்ஸ்பிரசில்தான் கரைந்திருக்கிறது. சுமார் 2,180 கிலோ மீட்டர், ஏறக்குறைய 33 மணி நேரம். அந்த ரயிலும் ஆக்ராவில் நின்றுதான் போகிறது. பெரும்பாலான குடும்பங்கள் அப்போது படுக்கை விரித்துப் படுத்திருக்கும். இறங்கினால் மைத்துனன் கல்யாணம், குலதெய்வத்துக்குப் பொங்கல், மாமனாருக்குக் கண் ஆபரேஷன். கணவனும் மனைவியுமாக மட்டும் போன பயணம் என்று யோசித்தால் பல வீடுகளில் தேனிலவுக்குப் பிறகு எதுவும் தேறாது. அதனால் இருவர் மட்டும் போவது பெரும் பரிசு என்று கணவர் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஊரில் அம்மா படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் கிடைத்தால், அவர் மனசு போகிற திசை ஆக்ரா இல்லை. அது தெரியாமல் எடுத்த டிக்கெட்டுக்கு அவர் முகம் மலராமல் போனால், நன்றி கெட்டவள் என்று கணவர் முறுக்கிக்கொள்வதும் நடக்கிறது.

இந்தத் தொல்லையில் பாதியைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. நாளைச் சொல்லிவிட வேண்டும். இடத்தை மட்டும் மறைக்க வேண்டும். 'இந்த இரண்டு நாளையும் எனக்காக வைத்துக்கொள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்' என்று இரண்டு மாதம் முன்பே சொன்னால், விடுப்பு எடுப்பதும் மாத்திரை எடுத்துவைப்பதும் மாமியாருக்கு மாவு அரைத்துவைப்பதும் அவர் பொறுப்பு. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் அவரிடமே இருக்கும். திடீர்ப் பரிசில் கொஞ்சம் காரம் குறையும்தான்.

நாள் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2008 தையில் பௌர்ணமி ஜனவரி 22. அந்த வாரம் மணமானவர்களுக்கு 19ஆம் கல்யாண நாள் 2027 ஜனவரியில் வருகிறது. பௌர்ணமி அதே 22ஆம் தேதி. நிலா சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, தாஜ்மகால் மூடியிருக்கும். 2008 ஜனவரி 20 ஞாயிறன்று தாலி கட்டியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: 2027ல் அந்தத் தேதி புதன்கிழமை, ஐந்து இரவுகளில் கணக்குப்படி முதல் இரவு.

தை மாதம் என்பதால் பனி உண்டு. மேடையில் நிற்கும் அரை மணி நேரமும் கண்ணுக்கு முன்னால் வெறும் வெள்ளையாகவே இருந்துவிடலாம். விசில் ஊதியதும் அடுத்த ஐம்பது பேருக்கு வழிவிட்டுத் திரும்பிவர வேண்டும். அந்த நேரத்தில் ஆக்ராவில் சைவச் சாப்பாடு தேடி அலைவானேன் என்று, மனைவி பையிலிருந்து புளியோதரை டப்பாவை எடுப்பார். ஸ்வெட்டர் என்று சொன்ன அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும்.